காது குறும்பி: அடைப்பது ஏன், வலிப்பது ஏன், எடுப்பது எப்படி

தலைக்குக் குளித்துவிட்டு வந்ததும் ஒரு காது சட்டென்று அடைத்துக்கொள்கிறது. தலையைச் சாய்த்துத் தட்டிப் பார்க்கிறோம், ஒற்றைக் காலில் குதித்துப் பார்க்கிறோம், ஒன்றும் வெளியே வரவில்லை. நம் குரலே நமக்குள் முழங்குகிறது, எதிரே பேசுபவர் குரல் மட்டும் மங்கிப் போகிறது. மாலைக்குள் உள்ளே ஒரு பாரம், அப்புறம் மெல்ல ஒரு வலி. காது குறும்பி பலருக்கும் முதன்முதலில் தொல்லையாகத் தெரியவருவது இப்படித்தான். காதுக்குள் தண்ணீர் நின்றுவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். பெரும்பாலும் நடந்திருப்பது வேறு. மாதக்கணக்கில் உள்ளே காய்ந்து கிடந்த குறும்பி, தண்ணீர் பட்டதும் ஊறி உப்பி, மிச்சமிருந்த சின்ன இடைவெளியையும் மூடிவிட்டது.

இந்த நேரத்தில் கை தானாகவே பட்ஸைத் தேடும். பட்ஸ் இல்லாத வீட்டில் ஹேர்பின், ஊக்கு, வண்டிச் சாவி. தயவுசெய்து அதை எடுக்காதீர்கள். காதுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் எதையும் உள்ளே விடக்கூடாது. பார்க்க வெளிச்சமும், எடுக்கக் கருவியும், இரண்டையும் கையாளப் பயிற்சியும் உள்ளவர்தான் எடுக்க வேண்டும். இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஏன் அப்படி என்பதற்குக் காதின் அமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

குறும்பி எங்கே உருவாகிறது

காதுத் துளையிலிருந்து செவிப்பறை வரை போகும் குழாய் பெரியவர்களுக்குச் சுமார் 2.5 செ.மீ. நீளம். நேராக இருக்காது, லேசாக வளைந்து போகும். இதில் வெளிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு குருத்தெலும்பு. உட்பக்கம் மூன்றில் இரண்டு பங்கு கெட்டி எலும்பு. குறும்பியைச் சுரக்கும் சுரப்பிகளும் பொடி முடிகளும் வெளிப்பங்கில் மட்டும்தான் இருக்கின்றன. உட்பங்கில் சுரப்பியே கிடையாது. அங்கே தோல் மிக மெல்லியது. அடியில் சதைப்பற்று எதுவும் இல்லாமல் நேரே எலும்பின் மேல் படிந்திருக்கிறது. லேசாக எதுவாவது பட்டாலே உயிர் போகிற வலி வரும்.

இதிலிருந்து ஒன்று புரியும். டாக்டர் கருவி வைத்துப் பார்த்து, செவிப்பறையை ஒட்டி ஆழத்தில் குறும்பி கெட்டியாக இருக்கிறது என்று சொன்னால், அது அங்கே ஊறியதல்ல. பெரும்பாலும் வெளியே உருவானதை யாரோ உள்ளே தள்ளியிருக்கிறார்கள். அந்த யாரோ அனேகமாக அந்தக் காதுக்குச் சொந்தக்காரர்தான்.

குறும்பி என்பது இரண்டு வகைச் சுரப்பிகளின் கசிவும், உதிர்ந்த தோலும், கொஞ்சம் முடியும், காற்றில் வந்த தூசியும் சேர்ந்த கலவை. அதில் பெரும்பகுதி உதிர்ந்த தோல்தான். எண்ணெய்ப் பசை இருப்பதால் தண்ணீரைத் தோலில் ஒட்டவிடாது. லேசான அமிலத்தன்மை இருப்பதால் பாக்டீரியாவும் பூஞ்சையும் எளிதில் வளர முடியாது. தூசியும் சின்னப் பூச்சியும் அதில் ஒட்டிக்கொண்டு உள்ளே போகாமல் நிற்கும். ஆகவே அதை அழுக்கு என்று நினைத்து மொத்தமாக வழித்தெடுப்பது காதின் காவலை எடுத்துவிடுவதுதான். காதை அடிக்கடி சுத்தம் செய்பவர்களுக்குக் காதில் அரிப்பு ஓயாமல் இருக்கும். பசை போய்த் தோல் வறண்டு அரிக்கும், அரித்ததும் மறுபடி குடைவார்கள், குடைந்ததும் இன்னும் வறளும்.

சரி, எடுக்காவிட்டால் சேர்ந்துகொண்டே போகாதா? பொதுவாகப் போகாது. காதுக்குழாயின் தோலுக்கு உடம்பின் மற்ற இடத்துத் தோலுக்கு இல்லாத ஒரு குணம் உண்டு. மற்ற இடங்களில் தோல் அடியிலிருந்து மேலே வளர்ந்து அங்கேயே உதிரும். காதில் அது பக்கவாட்டில் நகர்கிறது. செவிப்பறையின் நடுவிலிருந்து புறப்பட்டு, குழாயின் சுவர் வழியாக, ஏறக்குறைய நகம் வளரும் வேகத்தில் வெளியே வருகிறது. வரும்போது மேலே ஒட்டியிருக்கும் குறும்பியையும் சுமந்துகொண்டு வருகிறது. நாம் மெல்லும்போதும் பேசும்போதும் தாடை அசைவது அந்தப் பயணத்துக்கு உதவுகிறது. வாசலுக்கு வந்தது காய்ந்து, தூங்கும்போதோ குளிக்கும்போதோ நமக்குத் தெரியாமல் விழுந்துவிடும்.

வெளியே போக வழி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் திமிங்கிலம் ஒரு சாட்சி. நீலத் திமிங்கிலத்தின் காதுக்குழாய் வெளியே திறக்காது. குறும்பி வாழ்நாள் முழுக்க அடுக்கடுக்காகச் சேரும். அமெரிக்காவில் 2013இல் வெளியான ஓர் ஆய்வில், இறந்த திமிங்கிலம் ஒன்றின் காதிலிருந்து சுமார் 25 செ.மீ. நீளமுள்ள குறும்பியை எடுத்து, அதன் அடுக்குகளிலிருந்து அதன் வயதையும், எந்தெந்தக் காலத்தில் அது என்னென்ன மாசுகளை உட்கொண்டது என்பதையும் கணக்கிட்டார்கள். நமக்கு வழி திறந்திருக்கிறது. நாம் அடைக்காமல் இருந்தால் போதும்.

ஒருவர் குறும்பி தேன் நிறத்தில் பிசுபிசுப்பாகவும் இன்னொருவருடையது சாம்பல் நிறத்தில் பொடிந்து உதிர்வதாகவும் இருப்பதைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். அது பிறப்போடு வருவது. ஏபிசிசி11 என்ற மரபணுவில் உள்ள ஒரே ஓர் எழுத்து மாற்றம்தான் காரணம் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2006இல் கண்டுபிடித்தார்கள். சீனா, கொரியா, ஜப்பான் பக்கம் பெரும்பாலானவர்களுக்கு உலர்ந்த வகை. ஆப்பிரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஈரமான வகை. நம்மிடையே இரண்டும் உண்டு.

அப்படியானால் ஏன் அடைக்கிறது

முதல் காரணம் பட்ஸ். உரலில் போட்டதை உலக்கை இறுக்குவது போல, உள்ளே போகும் பஞ்சு கொஞ்சம் குறும்பியை ஒட்டி எடுத்துக்கொண்டு, அதைவிட அதிகமானதைச் செவிப்பறைப் பக்கம் அழுத்திவிடும். வெளியே எடுத்துப் பார்க்கும்போது நுனியில் கொஞ்சம் மஞ்சள் ஒட்டியிருப்பதால் சுத்தமாகிவிட்டது என்று மனம் திருப்திப்படும். உள்ளே தங்கியது கண்ணுக்குத் தெரிவதில்லை.

போலந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய லியோ கெர்ஸ்டன்சாங் 1920களில் பட்ஸை விற்பனைக்குக் கொண்டுவந்தார். மனைவி ஒரு குச்சியின் முனையில் பஞ்சைச் சுற்றிக் குழந்தையைச் சுத்தம் செய்வதைப் பார்த்து அந்த யோசனை வந்தது என்பார்கள். இன்று பட்ஸ் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால், காதுக்குழாய்க்குள் விடாதீர்கள் என்ற எச்சரிக்கை பலவற்றில் அச்சாகியிருக்கும். ஆனாலும் பட்ஸ் வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் வாங்குவதே காதுக்காகத்தான். அமெரிக்காவில் 1990 முதல் 2010 வரையான 21 ஆண்டுகளில் பட்ஸால் காதில் காயம்பட்டு அவசர சிகிச்சைக்குக் கொண்டுவரப்பட்ட குழந்தைகள் சுமார் 2,63,000 பேர் என்று ஒரு மருத்துவமனை ஆய்வு கணக்கிட்டது. நாளொன்றுக்குச் சராசரியாக 34 குழந்தைகள். அவர்களில் மிகப் பலருக்குப் பெற்றோரோ தாங்களோ காதைச் சுத்தம் செய்யும்போதுதான் அது நடந்திருக்கிறது. பக்கத்தில் ஒருவர் கை தட்டிவிட்டால் போதும், செவிப்பறை ஜவ்வு கிழிந்துவிடும்.

கோழி இறகு விட்டுச் சுழற்றுவது பலருக்கும் அத்தனை சுகம். காதுக்குழாயில் நரம்பு முனைகள் அதிகம், சுகம் அதனால்தான். ஆனால் அந்த இறகு எங்கே கிடந்தது என்று நினைத்துப் பாருங்கள். தில்லி, மும்பைத் தெருக்களில் கையில் கம்பியும் பஞ்சுமாக உட்கார்ந்து காது சுத்தம் செய்யும் தொழிலாளர்கள் இருக்கிறார்கள்; தலைமுறை தலைமுறையாக வரும் தொழில். அவர்கள் கை நுணுக்கத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒருவர் காதில் போன கம்பி கொதிநீர் காணாமல் அடுத்தவர் காதில் போகிறது.

குடையவே குடையாதவர்களுக்கும் அடைப்பு வரலாம். சிலருக்குக் குழாய் பிறவியிலேயே குறுகல். வயதான ஆண்களுக்குக் காதில் முடி தடித்து வளர்ந்து குறும்பியை வெளியே விடாது. வயதாக ஆகக் குறும்பியே வறண்டு கெட்டியாகிவிடும். காது கேட்கும் கருவி போடுபவர்களுக்கும், நாள் முழுக்க இயர்போனைச் செருகியிருப்பவர்களுக்கும் வாசலே மூடியிருக்கிறது. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டி, குழந்தைகளில் 10இல் ஒருவருக்கும், பெரியவர்களில் 20இல் ஒருவருக்கும், முதியவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலானவர்களுக்கும் குறும்பி அடைப்பு இருக்கிறது என்கிறது. முதியவர்களின் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். "தாத்தாவுக்குக் காது மந்தமாகிவிட்டது, வயசாச்சு இல்லையா" என்று நாம் விட்டுவிடும் பலருக்கு, போன செவித்திறனில் ஒரு பகுதி பத்து நிமிடத்தில் திரும்பக்கூடியதாக இருக்கலாம். காது கேட்கும் கருவி வாங்க ஆயிரக்கணக்கில் செலவழிப்பதற்கு முன் யாராவது அந்தக் காதுக்குள் எட்டிப் பார்த்தார்களா என்று கேட்க வேண்டும்.

வலி எதைச் சொல்கிறது

குறும்பி மட்டும் இருந்தால் பொதுவாகக் கடும் வலி இருக்காது. அடைப்பு, பாரம், மந்தம், ஙொய்யென்ற இரைச்சல், அரிப்பு, சில சமயம் லேசான தலைச்சுற்றல். சிலருக்குக் காரணமே தெரியாத வறட்டு இருமல் இருக்கும். காதுக்குழாய்க்கு வரும் நரம்புகளில் ஒன்று, தொண்டைக்கும் நுரையீரலுக்கும் போகும் வேகஸ் நரம்பின் கிளை. கெட்டிக் குறும்பி அதை உரசிக்கொண்டே இருந்தால் மூளை அதைத் தொண்டை உறுத்தலாக எடுத்துக்கொள்ளும்.

குறும்பி ஊறி உப்பி எலும்புப் பகுதியின் மெல்லிய தோலை அழுத்தும்போதும், செவிப்பறையைத் தொட்டுக்கொண்டு நிற்கும்போதும் வலிக்கத் தொடங்கும். மெல்லும்போது வலி கூடலாம். இது மழுங்கின வலி.

குத்தி எடுக்கிற வலி என்றால் கதை வேறு. காது மடலைப் பிடித்து லேசாக இழுங்கள், அல்லது காது வாசலுக்கு முன்னால் துருத்தி நிற்கும் சின்னக் குருத்தெலும்பை அழுத்துங்கள். அப்படிச் செய்யும்போது வலி சுரீரென்று ஏறினால் குழாயின் தோலில் தொற்று வந்திருக்க வாய்ப்பு அதிகம். குடைந்ததில் கீறல் விழுந்து, குளித்த ஈரமும் சேர்ந்து, அடைப்புக்குப் பின்னால் கிருமி வளர்ந்திருக்கும். சென்னை, தூத்துக்குடி மாதிரி புழுக்கமான கடலோர ஊர்களில் பூஞ்சைத் தொற்றும் சாதாரணம். அதில் வலியைவிட அரிப்பு முந்தி வரும்; டாக்டர் பார்க்கும்போது வெள்ளைப் படலமும் அதன் மேல் கறுப்புப் புள்ளிகளும் தெரியும். இந்த நிலையில் குறும்பிச் சொட்டு மருந்தை ஊற்றுவது தவறான வைத்தியம்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் காது வலியை ஒருநாளும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர்களுக்குக் குழாயில் வரும் தொற்று தோலோடு நிற்காமல் அடியிலுள்ள எலும்புக்குள் பரவலாம். இரவில் தூங்கவிடாத வலி அதன் அடையாளம். சாதாரணக் குழாய்த் தண்ணீரைக் காதுக்குள் பீய்ச்சிய பிறகு சர்க்கரை நோயாளிகளுக்கு இந்தத் தொற்று வந்ததாக மருத்துவப் பதிவுகள் உண்டு. ஆகவே அவர்களுக்கு வீட்டுக் கழுவல் வேண்டவே வேண்டாம்.

எண்ணெய், பூண்டு, மெழுகுவத்தி

நல்லெண்ணெயில் பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சி, பொறுக்கும் சூட்டில் காதில் விடுவது நம் வீடுகளில் இன்னும் நடக்கிறது. அக்கறையோடு செய்வதுதான், சந்தேகமே இல்லை. ஆனால் விரல் பொறுக்கும் சூட்டைச் செவிப்பறை பொறுக்காது. ஜவ்வில் ஏற்கெனவே ஓட்டை இருந்தால் அந்த எண்ணெய் நேரே நடுக்காதுக்குள் போய்விடும். பூண்டுத் துகளும் எண்ணெயும் தங்கிய ஈரமான குழாயில் பூஞ்சை கொண்டாட்டமாக வளரும். தாய்ப்பால் விடுவதற்கும் இதே பதில்தான்.

எண்ணெயே ஆகாதா என்றால், அப்படியும் சொல்ல முடியாது. சுத்தமான ஆலிவ் எண்ணெயைக் காய்ச்சாமல், இரண்டு மூன்று சொட்டு விட்டுக் குறும்பியை இளக்கலாம் என்று பிரிட்டனின் பொது மருத்துவத் துறையே சொல்கிறது. செவிப்பறை முழுதாக இருக்க வேண்டும், தொற்று இருக்கக் கூடாது என்பவை அதற்கு நிபந்தனைகள். இன்னொரு சந்தர்ப்பமும் உண்டு: காதுக்குள் உயிருள்ள பூச்சி போய்விட்டால், எண்ணெய் விட்டு அதன் துடிப்பை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போவது சரியான முதலுதவி. பட்டாணியோ பயறோ போயிருந்தால் எதையும் ஊற்றக் கூடாது, ஊறிப் பெருத்துவிடும்.

குழல் வடிவ மெழுகுவத்தியைக் காதில் நிறுத்திக் கொளுத்தினால் குறும்பியை உறிஞ்சி எடுக்கும் என்று விற்கிறார்கள். எடுக்காது. எரிந்து முடிந்ததும் அதற்குள் தெரியும் மஞ்சள் பொடி அந்த மெழுகினுடையதே. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதற்கு எதிராக எச்சரித்திருக்கிறது. முகத்தில் தீக்காயமும், உருகிய மெழுகு காதுக்குள் விழுந்து அடைத்ததும்தான் மிச்சம். கைபேசியோடு இணைக்கும் கேமரா வைத்த காதுக் குடைகோல்களும் இப்போது இணையத்தில் நிறைய. படம் தெரிவதால் தைரியம் வருகிறது. ஆனால் தட்டையான திரையில் ஆழம் தெரியாது, நுனிக்கும் செவிப்பறைக்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர் என்று கண்டுபிடிக்க முடியாது.

வீட்டில் செய்யக்கூடியது: இளக்குவது

காதில் சீழ் வடிந்ததில்லை, ஜவ்வு கிழிந்ததில்லை, அறுவை சிகிச்சை நடந்ததில்லை, இப்போது கடும் வலியோ காய்ச்சலோ இல்லை, சர்க்கரை நோய் இல்லை. இத்தனைக்கும் இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடிந்தவர்கள் சொட்டு மருந்தால் தொடங்கலாம். மருந்துக் கடையில் கிடைப்பவற்றில் சில, சோடா பைகார்பனேட்டும் கிளிசரினும் கலந்தவை. வேறு சிலவற்றில் பாராடைக்குளோரோபென்சீன் என்ற இளக்கும் பொருளோடு, வலி தெரியாமல் மரத்துப்போக வைக்கும் பென்சோகைனும் இருக்கும். எது சிறந்தது என்று சண்டை போடத் தேவையில்லை. காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 2018இல் இருக்கிற சோதனைகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தபோது, ஒரு மருந்து இன்னொன்றைவிட உசத்தி என்று சொல்ல ஆதாரம் கிடைக்கவில்லை. வெறும் தண்ணீரையோ உப்பு நீரையோ விட்டதைக் காட்டிலும் அவை மேலானவை என்றும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

விடும் முறையில் கவனம் வேண்டும். புட்டியைச் சில நிமிடம் உள்ளங்கையில் பொத்தி வைத்து உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள்; குளிர்ந்த மருந்து தலையைச் சுற்ற வைக்கும். அடைத்த காது மேலே வரும்படி ஒருக்களித்துப் படுக்க வேண்டும். பெரியவர்களுக்குக் காது மடலை மேலும் பின்னும் இழுத்துப் பிடித்தால் குழாய் நேராகும், சின்னக் குழந்தைகளுக்குக் கீழும் பின்னும். சொன்ன அளவு சொட்டு விட்டு, ஐந்து பத்து நிமிடம் அப்படியே கிடக்க வேண்டும். எழுந்ததும் வழிவதைத் துணியால் வெளியே மட்டும் துடைக்கலாம். பஞ்சு வைத்து அடைக்க வேண்டாம், அது மருந்தைக் குடித்துவிடும்.

மூன்று முதல் ஐந்து நாள் இப்படிச் செய்யும்போது முதல் ஓரிரு நாள் அடைப்பு கூடினது போலத் தோன்றும். பலர் இங்கேதான் பயந்து பட்ஸை எடுக்கிறார்கள். குறும்பி ஊறுகிறது, அதனால் உப்புகிறது, அவ்வளவுதான். எரிச்சலோ வலியோ வந்தால் மட்டும் உடனே நிறுத்துங்கள். சிலருக்கு இதிலேயே கரைந்து வழிந்துவிடும். வழியாவிட்டாலும் வீணில்லை, இளகின குறும்பியை டாக்டர் வலி இல்லாமல் எடுக்க முடியும்.

டாக்டர் அறையில்

என் அப்பாவை இதற்காக அழைத்துப் போனேன். டிவியின் சத்தம் தெருவுக்கே கேட்கும் நிலை. நெற்றியில் விளக்கு மாட்டிய டாக்டர் முதலில் அடைக்காத காதைப் பார்த்தார், அப்புறம்தான் அடைத்த காது. ஒப்பிட்டுப் பார்க்க அது தேவை. சின்ன உலோகப் புனலைக் காதில் வைத்து, முனை வளைந்த மெல்லிய கம்பியால் தொட்டதும் அப்பா இருமினார். "ஐயா, இருமல் வந்தா கையைக் காட்டுங்க, நான் எடுத்துடறேன். தலையை மட்டும் ஆட்டிடாதீங்க" என்றார் டாக்டர், அவசரமே இல்லாமல். அப்பா இரண்டு முறை கையைக் காட்டினார், அவரும் இரண்டு முறை காத்திருந்தார். கடைசியில் துணியில் வந்து விழுந்தது கறுத்துப் போன ஒரு கட்டி, கிட்டத்தட்ட ஒரு செ.மீ. நீளம். அதன் நடுவே பட்ஸிலிருந்து உருவிக்கொண்ட பஞ்சு இழை சுருண்டு கிடந்தது. காது சொட்டு மருந்தின் அளவை விளக்க வந்த நர்ஸம்மா பழக்கத்தில் உரக்க ஆரம்பிக்க, "மெதுவாவே சொல்லும்மா, கேக்குது" என்றார் அப்பா.

அவருக்குச் செய்தது கருவியால் எடுப்பது. மருத்துவர்கள் பயன்படுத்தும் மூன்று வழிகளில் அது ஒன்று. தண்ணீர் படாது என்பதால் ஜவ்வில் ஓட்டை உள்ளவர்களுக்கும் இது ஏற்றது.

இரண்டாவது, தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவது. பழைய முறை, இன்றும் பரவலாக உண்டு. தண்ணீர் உடம்புச் சூட்டில், அதாவது 37 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்க வேண்டும் என்பதில் நல்ல மருத்துவர்கள் கண்டிப்பாக இருப்பார்கள். சமநிலையைக் காக்கும் அரைவட்டக் குழாய்களில் ஒன்று காதுக்குழாயின் சுவருக்கு மிக அருகில் இருக்கிறது. சில்லென்றோ சூடாகவோ தண்ணீர் பட்டால் அதற்குள் இருக்கும் திரவம் நகர ஆரம்பிக்கும். தலை சுழல்வதாக மூளை தவறாகப் புரிந்துகொள்ளும். அறையே சுற்றி வாந்தி வரும். தண்ணீரை நேரே செவிப்பறை மேல் அடிக்காமல் குழாயின் மேல்சுவர் நோக்கிச் செலுத்துவார்கள். அது குறும்பிக்குப் பின்னால் போய் அதைத் தள்ளிக்கொண்டு திரும்பும். ஜவ்வில் ஓட்டை இருந்தாலோ, காதில் சின்னக் குழாய் பொருத்தியிருந்தாலோ, காது அறுவை சிகிச்சை நடந்திருந்தாலோ, தொற்று இருந்தாலோ கழுவக் கூடாது. டாக்டர் கேட்காவிட்டாலும் இவற்றை நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள். ஒரு காது மட்டும்தான் கேட்கும் என்றால் அதையும்.

மூன்றாவது, மைக்ரோஸ்கோப் வைத்துப் பார்த்துக்கொண்டே மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுப்பது. என்னைக் கேட்டால் வசதி இருக்கும் இடத்தில் இதைத்தான் கேட்டு வாங்குங்கள் என்பேன், ஏனென்றால் டாக்டரின் கண் ஒரு நொடிகூட குறும்பியை விட்டு விலகுவதில்லை. உறிஞ்சும் சத்தம் காதுக்குள் பலமாகக் கேட்கும், திடுக்கிட வேண்டாம். காற்று ஓட்டத்தால் குளிர்ந்து ஓரிரு நொடி தலை சுற்றலாம். எந்த முறையானாலும், வலித்தால் சொல்லுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார வேண்டிய வேலை இல்லை இது. கல்லாய்க் காய்ந்திருந்தால் இன்னும் சில நாள் மருந்து விட்டு வரச் சொல்வார்கள். அப்படித் திருப்பி அனுப்புவது நல்ல மருத்துவம். அசையாமல் இருக்க முடியாத சின்னக் குழந்தைகளுக்கு அரிதாக மயக்க மருந்து கொடுத்து எடுப்பதும் உண்டு.

மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் காது மூக்கு தொண்டைப் பிரிவு உண்டு. காலையில் போய்ப் புறநோயாளிச் சீட்டு வாங்கினால் இதைப் பார்த்துவிடுவார்கள்.

எடுத்த பிறகு ஓரிரு நாள் எல்லாச் சத்தமும் கூர்மையாகக் கேட்கும். காதைக் குடையாமல், தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டால் போதும். குளிக்கும்போது காது வாசலில் வாஸ்லைன் தடவிய பஞ்சு வைக்கலாம், குளித்ததும் எடுத்துவிட வேண்டும். அடிக்கடி அடைப்பவர்களும் காது கேட்கும் கருவி போடுபவர்களும் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்கு ஒருமுறை காட்டிக்கொள்வது நல்லது. கருவி திடீரென்று கீச்சென்று கத்தினால் அது கெட்டுவிட்டதாக நினைப்பதற்கு முன் காதையும் கருவியின் முனையையும் பாருங்கள். குழந்தைகளுக்குக் குளித்த பின் துண்டின் நுனியால் காது மடலைத் துடைத்துவிட்டால் போதும், வாசலுக்குள் விரல்கூடப் போக வேண்டாம்.

குறும்பி இல்லாமலும் இருக்கலாம்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். காலையில் எழும்போது ஒரு காது திடீரென்று கேட்கவில்லை என்றால் எல்லோரும் முதலில் நினைப்பது குறும்பி அல்லது சளி என்றுதான். சில சமயம் அது உள்காது நரம்பு திடீரென்று செயலிழப்பதாக இருக்கும். அதற்கு ஸ்டீராய்டு சிகிச்சை உண்டு. முதல் சில நாட்களுக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம், இரண்டு வாரம் கடந்தால் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். குறும்பி என்று நினைத்து வாரக்கணக்கில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்து கேட்கும் திறனை நிரந்தரமாக இழந்தவர்கள் உண்டு.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று முனகுங்கள். அடைப்பு குறும்பியால் என்றால் முனகல் அடைத்த காதில்தான் பலமாகக் கேட்கும். வெளிச்சத்தம் குறைந்ததால் எலும்பு வழியாக வரும் நம் குரல் அங்கே தூக்கலாகிறது. மாறாக, முனகல் நல்ல காதுப் பக்கமே ஒதுங்கிக் கேட்டால் நரம்பில் கோளாறு இருக்கலாம். அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். இந்தச் சோதனை முடிவான தீர்ப்பு இல்லை. சந்தேகமாக இருந்தாலும் போய்விடுங்கள்.

காது சுத்தமாக இருந்தும் வலிக்கலாம். கடைவாய்ப் பல், தாடை மூட்டு, தொண்டை எல்லாவற்றின் வலியும் காதில் வந்து தெரியும், நரம்புகள் பகிர்ந்து ஓடுவதால். புகையிலை, பான் போடுகிறவருக்கோ பீடி சிகரெட் பிடிக்கிறவருக்கோ ஒரு பக்கக் காது மட்டும் வாரக்கணக்கில் வலித்து, காதில் ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னால், அடுத்ததாக நாக்கின் அடியையும் தொண்டையையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். காதிலிருந்து ரத்தமோ நாற்றமுள்ள சீழோ வந்தால், முகம் ஒரு பக்கம் கோணினால், காய்ச்சலோடு காதுக்குப் பின்னால் வீங்கினால், அடிபட்ட பிறகு கேட்காமல் போனால், மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. இரவானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.